எழுந்ததும் வண்டிக்குப் போகாதீர்கள்

டாலஸ் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: “அண்ணா, நவம்பரில் தொடங்கி இதுவரை ஒன்பது தடவை கொயோட்டி அழைக்கப் போய்விட்டேன். நல்ல ஒலிப்பெட்டி வாங்கினேன். தலை முதல் கால் வரை மறைப்பு உடை. தெரிந்தவர் மூலம் ஆயிரம் ஏக்கர் பண்ணையில் அனுமதியும் கிடைத்தது. ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அந்தப் பண்ணையில் கொயோட்டியே இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா?”

முடிவு கட்டாதீர்கள் தம்பி. ஆயிரம் ஏக்கர் டெக்சாஸ் பண்ணையில் கொயோட்டி இல்லாமல் இருப்பது அபூர்வம். ஒன்பது தடவையில் இரண்டு மூன்று தடவையாவது ஒன்று வந்து, உங்கள் வாடையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பியிருக்கும் என்பது என் கணிப்பு. உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, ஒன்றைத் தவிர. ஒலிப்பெட்டியை அணைத்த பிறகு எழுந்து எந்தப் பக்கம் நடந்தீர்கள்? நேராக வண்டிக்குத்தானே?

நானும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன். சான் ஆஞ்சலோ பக்கம் குடிவந்த மூன்றாவது குளிர்காலம் அது. பக்கத்துச் செம்மறிப் பண்ணைக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். குட்டி ஈனும் காலத்தில் கொயோட்டித் தொல்லை தாங்காமல், துணைக்கு வரச்சொல்லி என்னை அழைத்தார். ஒரு மெஸ்கீட் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். மெஸ்கீட் நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. முள்ளும் அதே முள்தான். கொயோட்டியை வரவழைக்க இருபது நிமிடம் ஊதியில் முயலின் ஓலத்தை ஊதினேன். எதுவும் வரவில்லை. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியை நோக்கி நடக்கத் தொடங்கியபோது, பெரியவர் பின்னாலிருந்து சீழ்க்கை அடித்துக் கூப்பிட்டார்.

நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் அறுபது எட்டில் ஒரு மாட்டுத்தடம். இரவு உறைபனி விழுந்து மண் வெளுத்திருந்தது. அந்த வெளுப்பில் ஒரு காலடி வரிசை மட்டும் கறுப்பாகப் பதிந்திருந்தது. இரண்டரை அங்குல நீளம், நீள்வட்டம், முன்விரல் இரண்டின் நகங்கள் மட்டும் நெருக்கமாகக் குத்தியிருந்தன. நாயின் தடம் அகன்று, விரல்கள் விரிந்து, வழியெல்லாம் அலைந்து கிடக்கும். இது கயிறு கட்டி இழுத்ததுபோல் ஒரே கோட்டில் வந்திருந்தது. ஓரிடத்தில் நான்கு காலும் நெருங்கி நின்றிருக்கின்றன. அடுத்த அடிகள் வந்த வழியே திரும்பி, விரல் ஆழப் பதிந்து, மண் பின்னால் சிதறிக் கிடந்தது. பாய்ந்து ஓடியிருக்கிறது.

பெரியவர் என் தவறு இன்னதென்று சொல்லவே இல்லை. அந்த நான்கு கால் நின்ற இடத்தில் என்னை நிற்கச் சொன்னார். நின்று மெஸ்கீட் மரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினேன். காற்று நேராக மூக்கில் அடித்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் ஊதி முடித்ததும் காற்று போகும் பக்கமாக நூறு, நூற்றைம்பது கஜம் நடந்து மண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வண்டிக்குப் போகிறேன். எதுவும் வராத நாட்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவற்றில் எத்தனையோ நாட்களில் அது வந்திருந்தது. என்ன தவறு செய்தேன் என்று தெரியாமல் ஒன்பது தடவை போவதும் தொண்ணூறு தடவை போவதும் ஒன்றுதான். வராத மிருகம் எதையும் கற்றுத் தராது. வந்து திரும்பிய மிருகம் மண்ணில் எழுதி வைத்துவிட்டுப் போகும்.

மேலே போகுமுன் ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது அமெரிக்காவின் கொயோட்டியைப் பற்றிய பேச்சு. பார்வைக்கு நம் நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்டது. டெக்சாஸில் முப்பது பவுண்டைச் சுற்றி எடை இருக்கும். இங்கே ஆட்டுப்பண்ணைக்காரருக்கு இது அன்றாடத் தொல்லை, பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு முழுக்க வேட்டையாட அனுமதி உண்டு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரியைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். இங்கே சொல்வதை அங்கே யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.

இனி காற்று. தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கிறது.

முயலின் ஓலத்தைக் கேட்ட கொயோட்டி, குட்டியாக இருந்தால் நேராக ஓடி வரும். ஒரு குளிர்காலத்தைத் தாண்டியது அப்படி வராது. காதால் கேட்டதை மூக்கால் சரிபார்க்காமல் அது பக்கத்தில் வருவதில்லை. சத்தம் வரும் இடத்தைச் சுற்றிக்கொண்டு, காற்று அங்கிருந்து தன் முகத்துக்கு வரும் இடத்துக்குப் போய் நிற்கும். இதைத் தடுக்கவே முடியாது. மறைப்பு உடையோ, வாடை நீக்கும் சோப்போ, தெளிப்பானோ எதுவும் உதவாது. அந்தக் காசுக்கு பெட்ரோல் போடலாம். அது சுற்றப்போகும் வழி உங்கள் கண்முன்னே இருக்கும்படி உட்காருவது ஒன்றுதான் வழி.

காற்று உங்கள் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பெட்டியை முன்னால், சற்று இடதுபுறமாக, நாற்பது ஐம்பது கஜத்தில் வைத்துவிட்டு வாருங்கள். கொயோட்டி அந்தப் பெட்டியின் வாடையைத் தேடி அதன் வலப்பக்கம் சுற்றும். அந்தச் சுற்று உங்கள் முன்னால் நடக்கும். உங்கள் வாடை ஓடும் பாதையைத் தொடுவதற்கு முன் அது துப்பாக்கிக்கு நேரே வந்திருக்கும். வலப்பக்கம் திறந்த வெளியாக, எதுவும் மறைந்து வர முடியாததாக இருக்க வேண்டும். அங்கே அடர்ந்த ஜூனிபர் புதரோ ஆழமான ஓடையோ இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. இருவராகப் போனால் ஒருவர் ஷாட்கன்னோடு காற்று போகும் பக்கம் உட்காரலாம். யார் எங்கே இருக்கிறார், யார் எந்தப் பக்கம் சுடலாம் என்பதை உட்காருமுன் பேசி முடித்துவிட வேண்டும்.

குழந்தைக்குப் போடும் பவுடர் கொஞ்சம் ஒரு சின்னப் பிழிகுப்பியில் சட்டைப்பையில் இருக்கட்டும். வண்டியை விட்டு இறங்கும்போது ஒரு பீச்சு, உட்காருமுன் ஒரு பீச்சு, பத்து நிமிடத்துக்குப் பிறகு ஒரு பீச்சு. வீட்டில் கைப்பேசியில் பார்த்த காற்றுத் திசைக்கும் ஓடைக்கரையில் வீசும் காற்றுக்கும் சம்பந்தமில்லாமல் இருக்கும். விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறி மண் சூடானதும் அதே காற்று மேலே ஏறத் தொடங்கும். ஏழு மணிக்குச் சரியாக இருந்த இடம் ஒன்பது மணிக்குத் தவறாகிவிடும். எனக்கு இது புரிய இரண்டு குளிர்காலம் ஆனது. ஒரு குன்றின் உச்சிக்குச் சற்றுக் கீழே விடியலில் இரண்டு கொயோட்டி கிடைத்தன, அதற்குப் பிறகு பல வாரம் அதே இடத்தில் காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்து ஒன்றும் பார்க்கவில்லை. உச்சியில், எனக்குப் பின்னால் தடங்கள் கிடந்தன.

உட்காருவதற்கு முன்பே கெட்டுப்போகும் காலைகளும் நிறைய. வண்டியைக் குன்றின் மேல் நிறுத்தாதீர்கள், தாழ்வான இடத்தில் மறைத்து நிறுத்துங்கள். கதவை அறைந்து சாத்தாதீர்கள். கைப்பிடியை இழுத்தபடி மெல்ல அழுத்தினால் போதும். பண்ணைகளில் வளரும் கொயோட்டிக்கு டிரக் கதவுச் சத்தம் நன்றாகத் தெரியும். வேலிக் கேட்டைத் திறந்தால் சங்கிலி ஓசையிடாமல் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். குன்றைத் தாண்டும்போது உச்சியில் வானத்துக்கு எதிரே நிழலுருவமாகத் தெரியாமல், குனிந்து பக்கவாட்டில் இறங்குங்கள். கால் மைல் நடக்கச் சலித்துக்கொண்டு உட்காரும் இடம்வரை வண்டியை ஓட்டிப் போகிறவர்கள் அதிகம். ஒன்பது தடவையில் எத்தனை தடவை நீங்கள் அப்படிச் செய்தீர்கள் என்று கணக்குப் பாருங்கள்.

அடுத்தது சத்தம். 1950-களில் மார்பிள் ஃபால்ஸ் ஊரைச் சேர்ந்த பர்ன்ஹாம் சகோதரர்கள் முயலின் ஓலத்தைப் போல ஊதி மிருகங்களை வரவழைத்துக் காட்டி, ஊதிகளை விற்கத் தொடங்கினார்கள். டெக்சாஸில் இந்தக் கலை பரவியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று ஒலிப்பெட்டியில் நூறு விதச் சத்தம் இருக்கிறது. அதனாலேயே புதியவர்கள் கெடுகிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு சத்தம் மாற்றி, எடுத்த எடுப்பில் ஒலியை உச்சத்தில் வைத்துவிடுகிறார்கள். நூறு கஜத்தில் புதருக்குள் ஒரு கொயோட்டி படுத்திருந்தால் அந்த அலறலில் அது மிரண்டு பின்பக்கமாக ஓடிவிடும். முதல் இரண்டு மூன்று நிமிடம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் அளவில் வையுங்கள். எதுவும் வரவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இடையிடையே ஒரு நிமிடம் அமைதி. அந்த அமைதியில்தான் பல சமயம் அது எட்டிப் பார்க்கும்.

எவ்வளவு நேரம்? திறந்த வெளியில் இருபது நிமிடம். வருவதில் பெரும்பங்கு முதல் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். ஆனால் கிழக்கு டெக்சாஸ் போன்ற மரம் அடர்ந்த இடங்களில் அரைமணி நேரமாவது உட்கார வேண்டும். அங்கே அது ஓடி வராது, நின்று நின்று வரும். பதினொன்றாம் நிமிடத்தில் சலிப்பு தட்டி எழுந்து நின்று, இருநூறு கஜத்தில் ஒரு வால் புதருக்குள் மறைவதைப் பார்த்த வலி எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே குளிர்காலத்தில் மூன்று தடவை. அதன் பிறகு கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன். மனம் சொல்வதைக் கேட்பதில்லை.

ஊளைச் சத்தத்தை எடுத்தவுடன் போடாதீர்கள். கொயோட்டிக்கு 1823-இல் இயற்கையியலாளர் தாமஸ் சே வைத்த அறிவியல் பெயரின் பொருளே ‘குரைக்கும் நாய்’ என்பதுதான். அதன் ஊளை, குரைப்பு, கீச்சல் ஒவ்வொன்றும் ஒரு பேச்சு. எல்லை கட்டிக்கொண்ட இணைகளின் இடத்தில் போய் சண்டைக்கு இழுக்கும் ஊளையைப் போட்டால் இளங்கொயோட்டிகள் பயந்து பதுங்கிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் இணைசேரும் காலத்தில் ஒரு தனிக்குரல் ஊளை, பிறகு நீண்ட அமைதி, பிறகு மெதுவாக முயல். இது எனக்குப் பலமுறை பலித்திருக்கிறது. இலையுதிர்காலத்தில் அந்த ஆண்டுக் குட்டிகள் தாய்நிலத்தை விட்டுப் பிரிந்து அலையும். அப்போது வெறும் முயல் போதும். எங்கிருந்தாவது ஒரு கொயோட்டி உங்களை நோக்கித் தொடர்ந்து குரைக்க ஆரம்பித்தால், உங்களைக் கண்டுகொண்டது என்று அர்த்தம். அன்றைக்கு அங்கே மேலும் ஊதாதீர்கள். அந்தச் சத்தத்தையும் உங்களையும் சேர்த்து அது மனதில் வைத்துக்கொள்ளும்.

இந்தக் கடைசி வரியை அழுத்திச் சொல்கிறேன், தம்பி. வேட்டைக்காரர் தவறு செய்யும் ஒவ்வொரு முறையும் கொயோட்டியும் ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. கடையில் விற்கும் ஒலிப்பெட்டிகளில் முன்பே பதிந்து வரும் முயல் சத்தம் ஒரே வகைப் பெட்டி எல்லாவற்றிலும் ஒன்றுதான். அந்தச் சத்தத்துக்கு ஒருமுறை வந்து, குண்டு காதோரம் பறந்து தப்பிய கொயோட்டி மறுமுறை அதற்கு வருவது கடினம். அதனால் ஒரே இடத்தில் வாராவாரம் உட்காராதீர்கள். ஓர் இடத்துக்கு மூன்று, நான்கு வாரம் ஓய்வு கொடுங்கள். வாயால் ஊதும் எளிய மரஊதி ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் மூச்சில் வரும் சத்தம் இன்னொருவரிடம் இருக்காது.

அசையாமல் இருப்பதைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும், நீங்கள் நிழலில் இருங்கள். முகத்தையும் கையையும் மூடுங்கள். மனிதன் அசைக்கும் உறுப்புகள் அவைதான். துப்பாக்கி மடியில் கிடக்காமல் கவைக்கோலின் மேல், தோளில் பொருந்தியபடி இருக்கட்டும். கொயோட்டி தெரிந்த பிறகு அதைத் தூக்குவது மிகப் பழைய தவறு. கைப்பேசியை அணைத்துப் பையில் போடுங்கள்.

சுடுவதைப் பற்றி எழுதும்போது எனக்கு ஒரு டிசம்பர் காலை நினைவுக்கு வரும். கொயோட்டி குறுக்காக ஓடி வந்தது. நின்றுவிடும் என்று காத்திருக்கப் பொறுமை இல்லை. ஓட்டத்தில் சுட்டேன். பின்பக்கம் பட்டது. அது சுழன்று கடித்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கியது. அன்று மாலை இருட்டும்வரை தேடினேன், மறுநாளும் தேடினேன். கிடைக்கவில்லை. சப்பாத்திக்கள்ளி மேல் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இரத்தக் கறை காய்ந்து ஒட்டியிருந்தது, அவ்வளவுதான் பார்த்தேன். ஆட்டுக்குட்டியைத் தின்னும் மிருகம் என்பதற்காக அது அப்படிச் சாக வேண்டியதில்லை. ஓடும் கொயோட்டியை அதன் பிறகு நான் ரைஃபிளால் சுட்டதில்லை.

பதறாத காரியம் சிதறாது. அது வரும் வேகத்தைப் பார்த்துக் கை நடுங்கும், எல்லோருக்கும் நடுங்கும். நிறுத்துவதற்கு வாயாலேயே ஒரு சின்னக் குரைப்பு, ‘உவ்’ என்று. தொண்ணூறு சதவீதம் நின்று திரும்பிப் பார்க்கும் என்றெல்லாம் எண் சொல்ல மாட்டேன், பெரும்பாலும் நிற்கும். நிற்பது இரண்டு வினாடி. குரைக்கும்போதே ஸ்கோப்பில் அது இருக்க வேண்டும். குளிர்கால ரோமம் ஆளை ஏமாற்றும். உப்பிய ரோமத்தின் நடுவில் குறிவைத்தால் குண்டு வயிற்றில் படும். அதன் உயிர்நிலை முன்காலுக்குச் சற்றுப் பின்னால், காபி டபராவின் வாயைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவே. .223 ரெமிங்டன் போன்ற தோட்டா நூறு கஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தால், இருநூறு கஜம்வரை குறியை ஏற்றவும் இறக்கவும் தேவையில்லை. அதற்கு மேல் தூரம் இருந்தால் விடுங்கள், அல்லது காத்திருங்கள். உட்கார்ந்ததும் தூரமானியால் நான்கைந்து அடையாளங்களை அளந்து வையுங்கள்: அந்தக் கள்ளி எண்பது, வேலிக்கம்பம் நூற்று நாற்பது, காற்றாலை இருநூற்றுப் பத்து. மிருகம் வந்த பிறகு அளக்க நேரம் இருக்காது. ஷாட்கன் என்றால் நாற்பது கஜத்துக்குள்.

சுட்டு விழுந்ததும் எழுந்து ஓடாதீர்கள். குளிர்காலத்தில் இணையாக வருவதுதான் அதிகம். விழுந்ததன் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு, கொயோட்டிக் குட்டி வலியில் கத்தும் சத்தத்தை உடனே போட்டு ஐந்து நிமிடம் இருங்கள். இரண்டாவது கொயோட்டி பல சமயம் அப்போதுதான் வெளியே வரும். எடுக்கப் போகும்போது கையுறை கட்டாயம். சொறிநோயும் உண்ணியும் சாதாரணம். வெறிநோய் அபாயமும் உண்டு. தெற்கு டெக்சாஸில் 1988-இல் கொயோட்டிகளிடையே வெறிநோய் பரவி, 1995 முதல் விமானத்திலிருந்து தடுப்புமருந்து பொதிந்த இரையை வீச வேண்டிவந்தது.

எதைச் சுடுகிறோம் என்பதில் சந்தேகம் என்ற சொல்லுக்கே இடமில்லை. செம்மறிப் பண்ணைகளில் காவல் நாய்கள் மந்தையோடு மந்தையாகத் திரியும். கிரேட் பிரனீஸ் வெள்ளையாக இருப்பதால் தெரிந்துவிடும். அனடோலியன் ஷெப்பர்ட் மணல்நிறம், விடியல் வெளிச்சத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் நெஞ்சு திக்கென்று அடிக்கும். பண்ணைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் நாய்கள் எத்தனை, இப்போது எங்கே என்பதுதான். அரிசோனா, நியூ மெக்சிகோவில் மெக்சிகோ ஓநாய்களும் வடக்கு கரோலினாவின் கிழக்கே செந்நிற ஓநாய்களும் கூட்டரசுப் பாதுகாப்பில் உள்ளன. அந்தப் பகுதிகளில் அடையாளம் காணத் தெரியாதவர் அழைக்கவே போகக்கூடாது. இன்னொன்று: முயல்போல் ஓலமிடும் இடத்துக்கு இன்னொரு வேட்டைக்காரரும் வரலாம். பொது நிலத்தில் மரமோ பாறையோ முதுகுக்குப் பின்னால் இல்லாமல் உட்காராதீர்கள். மனிதரைக் கண்டால் கை அசைக்காமல் வாய்விட்டுக் கூப்பிடுங்கள்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காததால்தான் எழுதுகிறேன். நீங்கள் எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாவில் இருந்தால் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் உங்களிடம் இருந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு. நண்பருடைய துப்பாக்கிதானே என்று கையில் வாங்குவதும் வைத்திருப்பதாகவே கருதப்படலாம். பச்சை அட்டைக்காரருக்கு இந்தத் தடை இல்லை. உரிமத் தேதி முடிந்ததைக் கவனிக்காமல் இருப்பது குடியேற்ற வழக்கில் போய் முடியும். ஐயம் இருந்தால் துப்பாக்கியைத் தொடும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விப் பயிற்சி முடிக்க வேண்டும். கொயோட்டிக்குப் பருவத் தடையும் எண்ணிக்கை வரம்பும் இங்கே இல்லை. பொதுச்சாலையிலிருந்து சுடக்கூடாது. அடுத்த மாநிலத்துக்குப் போனால் விதி மாறும்: கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டே கூடாது.

இவ்வளவும் செய்து ஒரு குளிர்காலத்தில் பத்து கொயோட்டியைச் சுட்டாலும் பண்ணையில் கொயோட்டி குறைந்துவிடும் என்று நம்பாதீர்கள். பண்ணைக்காரருக்கும் அப்படி வாக்குக் கொடுக்காதீர்கள். 1975-இல் வெளியான ஒரு மாதிரிக் கணக்கீடு, ஆண்டுதோறும் எழுபது சதவீதத்தை அகற்றினால்கூட இந்த இனம் தாக்குப்பிடிக்கும் என்று காட்டியது. கூட்டம் குறைந்தால் மிஞ்சியவை அதிகக் குட்டி போடும், காலியான இடத்துக்கு வெளியிலிருந்து வேறு வரும். குட்டி ஈனும் நாட்களில் மந்தைக்குப் பக்கத்தில் சுற்றும் குறிப்பிட்ட ஓர் இணையை எடுத்தால் அந்தப் பருவ ஆட்டுக்குட்டிகள் பிழைக்கும். அழைப்பதன் உண்மையான பயன் அதுதான். ஏப்ரல் முதல் ஜூலை வரை, ஆட்டுக்குச் சேதம் இல்லாத இடத்தில் நான் ஊதுவதே இல்லை. வளையில் குட்டிகள் இருக்கும் காலம். தாயைச் சுட்டால் அவை பட்டினியில் சாகும்.

கடைசியாக ஒரு நோட்டு. ஐம்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், காற்றின் திசை, எங்கே உட்கார்ந்தேன், என்ன சத்தம், எத்தனை நிமிடம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இவற்றைவிட முக்கியமான ஒரு பத்தி: பின்னால் மண்ணில் என்ன பார்த்தேன். என் நோட்டுகளைப் புரட்டினால் முதல் சில ஆண்டுகளில் ‘ஒன்றும் இல்லை’ என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். பெரியவர் சீழ்க்கை அடித்த நாளுக்குப் பிறகு அந்த இரண்டு சொற்கள் மெல்ல மறைந்து, ‘பின்னால் எண்பது கஜம், ஒற்றைத் தடம், நின்று திரும்பியது’ என்பது போன்ற வரிகள் வருகின்றன. கிடைத்த கொயோட்டிகள் அந்த வரிகளுக்குப் பிறகுதான் கூடின.

மண் இறுகிய, தடம் பதியாத இடமென்றால் முந்தின நாள் மாலையே மாட்டுத்தடத்தில் பத்தடி நீளத்துக்குக் காய்ந்த மரக்கிளையை இழுத்து மண்ணைக் கிளறிவிட்டு வாருங்கள். மழை பெய்த மறுநாளும் பனி விழுந்த காலையும் படிக்கச் சிறந்த நாட்கள்.

வரும் சனிக்கிழமை பத்தாவது தடவை போகப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். போங்கள். இருபது நிமிடம் முடிந்ததும் எழுந்து, துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு, காற்று போகும் பக்கமாக நூற்றைம்பது கஜம் குனிந்து பார்த்தபடி நடங்கள். அங்கே என்ன கிடந்தது என்று எனக்கு எழுதுங்கள், தம்பி.